தேர்வறிவும் சமூகமும்: மானிப்பாயிற் கிறீன் வளர்த்த தமிழ் வைத்தியக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

1

மனிதன் அறிந்தவற்றுக்கும் அவன் செய்பவற்றுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. நூலறிவு பொதுவானது; செயலோ குறிப்பிட்டதோர் இடத்திலே, குறிப்பிட்டதொரு வேளையிலே, குறிப்பிட்ட மனிதர்களின் பொருட்டு நிகழ்வது. பொதுவான அறிவைக் குறிப்பிட்ட நிலைமைக்குப் பொருந்துமாறு பிரயோகிக்கும் ஆற்றல் யாது, அது எங்கிருந்து தோன்றுகிறது, அதனைக் கற்பிக்க முடியுமா என்னும் வினாக்கள் மெய்யியலாளரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளன. வசதி கருதி இவ்வாற்றலைத் 'தேர்வறிவு' என நாம் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம்.

இப்பொருள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனைத் தனிமனிதரின் குணநலமாகவே கொள்வர். விவேகமுடையோர் சிலர், அஃது இல்லாதோர் பலர் என்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடும். எந்தச் சமூக நிலைமைகள் ஒருவரது தேர்வறிவைச் சாத்தியமாக்கின, எந்நிலைமைகள் அதனை முறியடித்தன என்ற வினா எழுவதில்லை. எமது கருத்தின்படி இதுவே தலையாய வினா. இதனை வெறுங் கருத்து நிலையில் ஆராயாது, எமது மண்ணிலே நடந்தேறிய ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய முற்படுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தமையே அந்நிகழ்ச்சியாகும்.

2

தேர்வறிவு பற்றிய மேனாட்டுச் சிந்தனை அரிஸ்டோட்டிலிலிருந்தே முறையாகத் தொடங்குகிறது. மாறாதன பற்றிய மெய்யறிவு, பொருள்களை ஆக்கும் கைத்திறன், மாறக்கூடிய மனித விவகாரங்களில் நல்லதைத் தேர்ந்து செய்யும் விவேகம் என மூன்றையும் அவர் வேறுபடுத்தினார். மூன்றாவதையே கிரேக்கர் ஃபுரொனேசிஸ் என்றனர். இதனை விளக்கும்போது அவர் அடிக்கடி வைத்தியத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வது கவனிக்கத்தக்கது. வைத்தியன் குணப்படுத்துவது 'மனிதன்' என்ற பொதுமையை அன்று, தன் முன்னால் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஆளையே என்பது அவரது வாதம். அவரது தந்தை நிக்கொமாக்கஸ் வைத்தியராக இருந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரற்பாலது.

இம்மானுவேல் காண்ட் 1781இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்வினாவை மீண்டும் எழுப்பினார். விதிகளைக் கற்பிக்கலாம், ஆயின் ஒரு விதி எங்கே பொருந்தும் என்பதைக் காட்டுவதற்கு இன்னொரு விதியை வகுத்தல் இயலாது, வகுத்தால் அவ்விதியைப் பொருத்துவதற்கு மற்றொரு விதி வேண்டியிருக்கும். எனவே தேர்வறிவு பயிற்சியினால் வருவதேயன்றிப் பாடத்தினால் வருவதன்று என்பது அவர் முடிபு. நூல்களை நன்கு கற்ற வைத்தியரும் நோயாளி முன் தவறிழைக்கக்கூடும் என்பதை அவரும் எடுத்துக்காட்டினார்.

தமிழ் மரபும் இவ்விடயத்தில் வெறுமையானதன்று. திருக்குறளின் பொருட்பால், அறிவுடைமையை ஓர் அதிகாரத்திற் கூறிவிட்டு, அதனோடு அமையாது, தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனத் தனித்தனி அதிகாரங்களை வகுத்துச் செல்கிறது. அறிதலும், அறிந்ததைக் காலமும் இடமும் நோக்கிச் செய்தலும் ஒன்றல்ல என்னும் தெளிவு இவ்வைப்பு முறையிற் காணப்படுகிறது. அரசனை நோக்கிக் கூறப்பட்டனவாயினும், மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் வைத்தியன் கருத வேண்டும் என்றும் வள்ளுவர் வற்புறுத்துகிறார். கிரேக்கத்திற் போலவே தமிழிலும் தேர்வறிவுக்கு வைத்தியம் சிறந்த எடுத்துக்காட்டாக அமைந்தமை தற்செயலானதன்று. உயிருக்கு உடனடி விளைவை உண்டாக்கும் தொழிலிலேதான் அறிவுக்கும் செயலுக்கும் இடையிலான இடைவெளி மறைக்கவொண்ணாதவாறு புலப்படுகிறது.

ஆயின் இம்மரபுகளுக்குப் பொதுவானதொரு குறைபாடும் உண்டு. அரிஸ்டோட்டிலின் விவேகி அடிமைகளின் உழைப்பிலே தங்கி ஓய்வு பெற்ற நகரக் குடிமகன். அடிமைக்கு ஆராய்ந்து தேரும் ஆற்றலே இல்லை என அவர் எழுதினார். பொருட்பால் கூறும் விவேகமும் பெரும்பாலும் ஆள்வோனுக்கும் அமைச்சனுக்கும் உரியது. சிந்தனையின் உண்மை நடைமுறையிலேதான் நிறுவப்பட வேண்டும் என மார்க்ஸ் 1845இற் குறித்தபோது, தேர்வறிவைப் பற்றிய ஆய்வுக்கும் புதியதோர் அடித்தளம் கிடைத்தது. நடைமுறை என்பது தனிமனிதனின் செயல் மாத்திரமன்று. அது சமூக உறவுகளுக்குள் நிகழும் செயல். ஆகவே தேர்வறிவும் அவ்வுறவுகளுக்குள்ளேயே உருவாகிறது. அவற்றாலேயே எல்லைப்படுத்தவும் படுகிறது.

3

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியையும் வைத்தியக் கல்வியையும் தொடங்கினார். அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் மதம் மாற்ற வந்தவர், மற்றவர் மதமாற்றத்தை எதிர்க்க எழுந்தவர். எனினும், அறிவு மக்களைச் சென்றடைய வேண்டுமாயின் அது எளிய தமிழ் உரைநடையில் அச்சேற வேண்டும் என்பதில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். எதிரெதிர் அணியினரை ஒரே முடிவுக்குக் கொண்டுவந்தது அக்காலச் சமூகத் தேவையே எனலாம்.

மானிப்பாய் அப்பொழுது ஒரு சாதாரண கிராமமாக இருக்கவில்லை. 1834 முதல் அமெரிக்க மிசனின் அச்சுக்கூடம் அங்கு இயங்கியது. 1841இல் தொடங்கிய உதயதாரகையும், 1842இல் யாழ்ப்பாண அகராதியும் அவ்வச்சுக்கூடத்தோடு தொடர்புடையன. அண்டையிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823 முதல் செமினறி உயர்கல்வி வழங்கி வந்தது. அச்செழுத்தும், அகராதியும், கற்றோர் குழாமும் நடந்து செல்லும் தூரத்துள் அமைந்திருந்தமை பின்னர் நிகழவிருந்தவற்றுக்கு இன்றியமையாத பௌதிக அடிப்படையாகும்.

மறுபுறத்தில் யாழ்ப்பாணத்திற் செழிப்பானதொரு சுதேச வைத்திய மரபும் நிலவியது. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர்களாற் பயிலப்பட்டு வந்தன. எனவே கிறீன் வெற்றிடமொன்றிற்குள் நுழையவில்லை. தமக்கென நூலும், சொல்லும், கைப்பழக்கமும் உடைய தொழில் மரபொன்றினை எதிர்கொண்டார்.

4

தொடக்கத்திற் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணவர்களிற் பலர் செமினறியில் ஆங்கிலம் கற்றவர்களாதலின் அதிலே சிரமம் இருக்கவில்லை. ஆயின் பயிற்சி முடித்தோர் நெடுங்காலம் கிராமங்களில் நிலைத்திருக்கவில்லை. மத்திய மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் விரிவடைந்த காலம் அது. தோட்டப் பொருளாதாரமும் அதனைச் சார்ந்து பெருகிய அரச நிருவாகமும் ஆங்கிலம் அறிந்தோரை வேண்டி நின்றன. நிலமும் நீரும் குறைந்த குடாநாட்டு மத்தியதர விவசாயக் குடும்பங்களுக்கு ஆங்கில உத்தியோகமே முன்னேறும் வழியாயிற்று. இலிகிதராயினும், ஆசிரியராயினும், வைத்தியராயினும் ஆங்கிலம் கற்றவர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவது பொது வழக்காயிற்று. 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்களே.

மிசனும் இதனை உணர்ந்திருந்தது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் ஆய்வை அடுத்து வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சமய ஊழியரை உருவாக்குவதற்குப் பதிலாக உத்தியோகத்தரையே உருவாக்குகிறது என்பது அவர்கள் கண்ட குறை. மிசனின் கொள்கை சுதேச மொழிகளின் பக்கம் திரும்பியது.

1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டும் மானிப்பாய்க்கு வந்த கிறீன், 1864இல் வைத்திய வகுப்பைத் தமிழிலே நடத்தத் தொடங்கினார். இம்முடிவைத் தமிழ்ப்பற்றின் விளைவாக மாத்திரம் விளக்குவோர் உளர். மிசனின் கட்டளையை அவர் நிறைவேற்றினார் என அதனைச் சுருக்குவோரும் உளர். இரண்டும் அரைகுறையான விளக்கங்களே. செமினறியை மூடுதல் மிசனின் கொள்கையாக இருந்தது உண்மை. ஆயின் வேதாகமத்தையும் வாசிப்புப் புத்தகத்தையும் தமிழிற் கற்பிப்பது வேறு. உடற்கூற்றியலையும் சத்திர சிகிச்சையையும் தமிழிற் கற்பிப்பது வேறு. பின்னதற்கு முன்மாதிரி இருக்கவில்லை, நூல் இருக்கவில்லை, சொற்களே இருக்கவில்லை. கல்கத்தாவில் 1822இல் சுதேச மொழிகளில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய நிலையமும் 1835இல் மூடப்பட்டு, ஆங்கில வைத்தியக் கல்லூரி அதன் இடத்தைப் பிடித்திருந்தது. பொதுக்கொள்கை 'தமிழ்' என்றது. எவ்வளவு தமிழ், எதற்குத் தமிழ், எத்தகைய தமிழ் என்பதை அக்கொள்கை கூறவில்லை. கொள்கை மௌனமாகிய அவ்விடத்திலேதான் கிறீனின் தேர்வறிவு செயற்பட வேண்டியதாயிற்று.

அவரது கணிப்பு மிகவும் நடைமுறை சார்ந்தது. தமிழிற் பயின்ற வைத்தியனுக்குக் கொழும்பிலும் மலைநாட்டிலும் வேலை கிடையாது; ஆகவே அவன் தன் மக்களிடையே நிலைத்திருப்பான். 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாட்டிய வாந்திபேதி போன்ற கொள்ளை நோய்களின்போது, தூரத்தேயுள்ள சிறந்த வைத்தியரைவிடக் கிராமத்தில் இருக்கும் பயிற்சிபெற்ற வைத்தியரே உயிர்காக்க வல்லவர். நோயாளியின் மொழியிலே சிந்திக்கும் வைத்தியன் நோய்க்குறியை அவரது வாய்மொழியிலிருந்தே தெரிந்துகொள்வான். கற்ற மொழியும் கேட்கும் மொழியும் ஒன்றாயிருத்தல் தேர்வறிவின் பயிற்சிக்கு உதவுவது. இவற்றைப் பிரித்துவிட்டால், வைத்தியன் ஒவ்வொரு கணமும் தன்னுள்ளேயே மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரும்.

5

நூலாக்கம் இம்முயற்சியின் மையமாகும். கட்டரின் நூலைத் தழுவிய 'அங்காதிபாதம், சுகரண வாதம், உற்பாலனம்' என்பதும் 'பிரசவ வைத்தியம்' என்பதும் 1857இலேயே வெளிவந்தன. 1867இல் 'இரண வைத்தியம்', 1872இற் கிறேயின் நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்', அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இற் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என இவை தொடர்ந்தன. மொத்தப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. டான்போர்த், சப்மன் முதலிய மாணவர்கள் இவற்றின் ஆக்கத்திற் கிறீனுடன் உழைத்தனர். அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை மிசன் சூட்டியதால், இத்தமிழரின் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களாகவே எமக்குக் கிடைக்கின்றன. கிறீனின் நூல்கள் என நாம் வழமையாகக் கூறுவன உண்மையில் ஒரு கூட்டுழைப்பின் விளைவுகள் என்பதை மறத்தலாகாது.

கலைச்சொல்லாக்கத்தில் அவர்கள் கைக்கொண்ட முறை பின்வருமாறு அமைந்தது. முதலில் தமிழில் வழக்கிலுள்ள சொல்லைத் தேடுதல். அது கிடைக்காவிடத்து வடமொழியை நாடுதல். அங்கும் பொருத்தமானது இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல். யப்பானில் 1774இல் ஒல்லாந்த மொழி வழியாக உடற்கூற்று நூலொன்றைப் பெயர்த்த சுகிட்ட கென்பக்கு குழுவினரும் இதை ஒத்த முறையையே வகுத்தனர்: வழக்குச் சொல் உள்ளவிடத்து அதனைக் கொள்ளல், இல்லாவிடத்துப் பொருள்பற்றி ஆக்கல், அதுவும் இயலாவிடத்து ஒலிபெயர்த்தல். ஒன்றையொன்று அறியாத இரு குழுவினர் ஒரே வகைப் பிரச்சினைக்கு ஒரே வகைத் தீர்வு கண்டமை, தேர்வறிவு தனிமனிதரின் மேதையிலிருந்து மாத்திரம் பிறப்பதன்று என்பதற்குத் தக்க சான்றாகும்.

விதி எளிது, பிரயோகமே கடினம். நூற்பெயர்களையே நோக்குவோம். 'அங்காதிபாதம்' என்பது யாழ்ப்பாண வைத்திய மரபில் ஏற்கெனவே நூற்பெயராக வழங்கியது. மேனாட்டு உடற்கூற்றியலுக்கு அப்பெயரையே இட்டபோது, புதிய அறிவு பழைய மரபின் தொடர்ச்சியாகத் தோற்றம் பெற்றது. 'இரண வைத்தியம்' புண்ணையும் வெட்டுக்காயத்தையும் ஆற்றும் சுதேச வைத்தியர் தொழிலை நினைவூட்டுவது. 'சுகரணம்' வடமொழி வழிப்பட்டது. 'கெமிஸ்தமோ' ஆங்கில ஒலியுடன் தமிழ் ஈறு பெற்றது. அங்கே 'இரசவாதம்' போன்றதொரு பழஞ்சொல்லை இட்டிருப்பின் பொன்னாக்கும் வித்தையோடு புதிய இயைபியல் மயங்கியிருக்கும். எங்கே பழமையோடு இணைப்பது பயன் தரும், எங்கே அது மயக்கம் தரும் என்பதை விதி கூறாது. அதனை மொழியையும் தொழிலையும் கேட்போரையும் ஒருங்கே அறிந்தவரே தேர்ந்து தெளிய இயலும்.

சேலத்தில் 1916இல் தமிழ்ச் சாத்திரக் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே இவ்வளவும் நிகழ்ந்தன. இச்சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. பின்வந்தோர் 'உடற்கூற்றியல்', 'உடற்றொழிலியல்', 'இரசாயனவியல்' எனப் புதியன ஆக்கினர். எனினும் ஒரு காலத்துத் தேர்வை மறுகாலத்து வழக்கினால் மாத்திரம் அளவிடுதல் வரலாற்று நோக்காகாது.

6

கிறீனின் தேர்வறிவுக்கு எல்லைகளும் இருந்தன. சுதேச வைத்தியத்தின் சொல்லை ஏற்ற அவர், அதன் அறிவை ஏற்கவில்லை. பரம்பரை வைத்தியரின் அனுபவத்தை ஆராயத்தக்கதோர் அறிவாகக் கொள்ளாது, பெரும்பாலும் களையத்தக்க மூடநம்பிக்கையாகவே கொண்டார். மருத்துவம் அவருக்குச் சுவிசேஷத்தின் வாயிலாகவும் விளங்கியது. மறுபுறத்தில், மதம் மாறியோர் மேனாட்டு உடையும் வாழ்க்கை முறையும் மேற்கொள்வதை அவர் விரும்பவில்லை. மத மாற்றம் வேண்டும், இனத் தன்மை மாறுதல் வேண்டாம் என்ற அந்நிலைப்பாட்டில் மனிதாபிமானமும் இருந்தது. சுதேசியை அவனது இடத்திலேயே வைத்திருக்கும் தந்தைமைப் பாங்கும் இருந்தது.

இவ்விரண்டாவது அம்சம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழிற் கற்றவன் வெளியேற மாட்டான் என்ற கணிப்பு, அவன் வெளியேற இயலாதவன் என்ற நிலையிலேயே தங்கியிருந்தது. ஆங்கிலத்தில் அதிகாரமும் வருவாயும் குவிந்திருக்க, தமிழில் மாத்திரம் கல்வி வழங்கின் அக்கல்வி இரண்டாந்தரமானதாகவே மதிக்கப்படும். மாணவரின் பார்வையில் ஆங்கிலத்தை வேண்டிநின்றமையும் ஒருவகைத் தேர்வறிவே. அவர்களைத் தன்னலமிகளென்று ஏசுவது எளிது. தம்முன் திறந்திருந்த ஒரே வாயிலைக் கண்டவர்கள் அவர்கள் என்பதே உண்மை. கிறீனின் விவேகமும் மாணவரின் விவேகமும் தத்தம் நிலையிற் சரியானவை. இரண்டையும் மோதவிட்டது குடியேற்ற நாட்டுப் பொருளாதாரமே.

முடிவும் அப்பொருளாதாரத்திலிருந்தே வந்தது. வன்னியிற் பறங்கி நோயினாற் குடிகள் அழிவுற்றமை பற்றிய ஆராய்வு ஒரு காரணமாக, 1870இற் கொழும்பில் அரசாங்கம் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியது. தமிழ்க் கிராமங்களின் நோய் காரணமாகத் தோன்றிய கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அரசாங்கச் சான்றிதழும் சம்பளமும் அதனோடு சென்றன. 1873இற் கிறீன் தாயகம் திரும்பினார்; அங்கிருந்தும் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1884இல் இறந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்ற கருத்துப்படத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் விரும்பியிருந்தார். மானிப்பாய் வகுப்போ அவர் சென்றபின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றிருந்தனர். அவர்களுட் பாதியளவினர் தமிழிலேயே பயின்றவர்கள்.

7

இந்நிகழ்ச்சி பற்றி எம்மிடையே இருவகை மதிப்பீடுகள் உள. கிறீனை அறிவியற் றமிழின் தந்தை எனப் போற்றி, அவர் செய்ததைத் தொடராதோரைக் கடிந்து ஆறுதல் அடைவது ஒன்று. அவர் ஏகாதிபத்தியத்தின் சமயக் கரம், எனவே ஆராய்தற்கு அங்கு ஏதுமில்லை எனத் தள்ளிவிடுவது மற்றொன்று. பின்னது முற்போக்காளர் சிலரிடையே காணப்படுவதாதலின் அதனைக் குறிப்பாகக் கண்டிக்க வேண்டியது எமது கடமையாகும். ஒரு மனிதரின் வர்க்க நிலையையும் நோக்கத்தையும் கூறிவிட்டால் அவரது செயலின் உள்ளடக்கத்தையும் கூறியாயிற்று என எண்ணுவது மார்க்சியமன்று. பொதுவிதியைக் குறிப்பிட்ட நிலைமைமேல் இயந்திரப் பாங்கிற் சுமத்துவதாகும். அதாவது தேர்வறிவின் இன்மையாகும். பொதுமக்களின் வழக்கறிவினுள்ளேயே நல்லறிவின் கருவும் உண்டு என கிராம்சி சிறையிலிருந்து எழுதியது இங்கு பொருந்தும். யாழ்ப்பாணத்து வைத்தியரின் வாய்ச்சொல்லிலே அவ்வித்தை இனங்கண்ட அளவில் கிறீன் முன்னேறினார். அவர்களின் அனுபவத்தில் அதனைக் காணத் தவறிய அளவிற் பின்தங்கினார்.

மானிப்பாயிற் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. அங்கு பயில்வோரில் மிகப் பலர் பாடசாலையில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றவர்கள். அவர்கள் பின்னர் நாடி பார்க்கப்போகும் யாழ்ப்பாண நோயாளிகளும் தமிழிலேயே தம் நோவைக் கூறுகின்றனர். உலக அறிவோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 1864ஆம் ஆண்டின் தீர்வை அப்படியே திரும்பச் செய்யவேண்டும் என்பதும் எமது வாதமன்று. அவ்வாறு செய்வது கிறீனைப் பின்பற்றுவதாகாது, பிரதிசெய்வதாகவே முடியும். நோயாளியின் சொல்லை வைத்தியன் விளங்கிக்கொள்ளும் பயிற்சியும், வைத்தியன் அறிந்ததை நோயாளி விளங்கிக்கொள்ளத்தக்க நூல்களும் இன்று எந்நிலையில் உள்ளன என்பதே கேட்கவேண்டிய வினா.

மானிப்பாய் அனுபவம் எமக்கு இரு உண்மைகளை உணர்த்துகிறது. சரியான தேர்வு ஒருவரின் உள்ளத்தில் தோன்றினும், அதற்கு அச்சுக்கூடமும், அகராதியும், உடனுழைப்போரும், கேட்கும் மக்களும் வேண்டும். இவையாவும் இருந்தும், சமூகத்தின் அதிகாரமும் வருவாயும் எதிர்த்திசையிற் பாய்ந்தால் அத்தேர்வு நிலைபெறாது. ஆகவே விவேகிகளைப் போற்றுவதோடு நின்றுவிடாது, விவேகமான தேர்வுகள் வேரூன்றி வளரத்தக்க சமூக நிலைமைகளை உருவாக்குவதே தேர்வறிவின் உயர்ந்த வடிவமாகும். அது தனியொருவரால் ஆகக்கூடியதன்று.